ஃபெராரிக்கு அழகு கொடுத்த ‘குட்டிப் பையன்’!

கார் மாடிஃபிகேஷன்னு சொன்னதும் மனசுல என்ன வருது? பின்னாடி பெரிய ஸ்பாய்லர், சைடுல ஸ்டிக்கர், அடியில நீல லைட். ஆனா, ஸ்போர்ட்ஸ் கார் பாடி வேலையில உலகமே திரும்பிப் பார்த்த ஒருத்தர் செஞ்சது நேரெதிர். காரில் துருத்திக்கிட்டு இருந்த எல்லாத்தையும் அவர் எடுத்துவிட்டார்.

பேரு பட்டிஸ்டா ஃபரினா. இத்தாலியில் 1893-ல் பிறந்தவர். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். அவரை எல்லாரும் ‘பினின்’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சில் குட்டிப் பையன்னு அர்த்தம். 12 வயதிலேயே டூரினில் இருந்த அண்ணன் ஜியோவானியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அப்போ பல கார் கம்பெனிகள் இன்ஜினும் சேஸியும் மட்டும்தான் கொடுக்கும். மேலே பாடி கட்டுறது தனிப் பட்டறைகளோட வேலை. இன்னிக்கும் லாரிக்கு பாடி கட்டுறாங்களே, அதே மாதிரிதான். 1920-ல் அமெரிக்கா போன பினினை ஹென்றி ஃபோர்டே வேலைக்கு அழைத்தார். வேண்டாம்னு ஊர் திரும்பியவர், 1930-ல் டூரினில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார்.

அடுத்து உலகப் போர். 1946-ல் பாரிஸ் மோட்டார் ஷோ நடந்தபோது, போரில் எதிர்த்தரப்பில் இருந்த நாடு என்பதால் இத்தாலிக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. பினின் வீட்டில் உட்கார்ந்து புலம்பலை. ஓர் ஆல்ஃபா ரோமியோவை அவரும், ஒரு லான்சியாவை மகன் செர்ஜியோவும் டூரினிலிருந்து பாரிஸ் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். ரெண்டையும் கழுவித் துடைத்து, ஷோ நடந்த கிராண்ட் பாலே கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டம் வாசலில் கூடிவிட்டது. செம கெத்து!

அடுத்த வருஷம் வந்தது சிசிடாலியா 202. அதுவரைக்கும் காரில் மட்கார்டு தனி, ஹெட்லைட் தனிக் கிண்ணம், பானெட் உயரமான பெட்டி. பினின் பானெட்டை மட்கார்டுகளைவிடக் கீழே இறக்கினார். ஹெட்லைட்டை மட்கார்டுக்குள்ளேயே பதித்தார். அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி, மொத்த உடம்பும் ஒரே துண்டு மாதிரி வளைந்து ஓடும்படி செய்தார்கள். இந்த டிசைனில் சவோனுட்சி என்ற இன்ஜினீயருக்கும் பங்கு உண்டு; அவர் பேரைத்தான் யாரும் அதிகம் சொல்றதில்லை. 200 கார்கள்கூடத் தயாராகவில்லை. ஆனாலும், 1951-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய கார் கண்காட்சியில் இதுவும் இடம்பிடித்தது.

அதே 1951-ல்தான் என்ஸோ ஃபெராரியோடு பேச்சு. இங்கேதான் சிக்கல். ஃபெராரி டூரினுக்கு வரமாட்டார். பினின் மோடெனாவுக்குப் போகமாட்டார். ரெண்டு பேருக்கும் ரோஷம் அதிகம். கடைசியில் நடுவழியில் இருக்கும் டார்டோனா என்ற சின்ன ஊரின் ரெஸ்டாரன்ட்டில் சந்தித்தார்கள். 1952-ல் பினினின் முதல் ஃபெராரி வெளியே வந்தது. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு, தெருவில் ஓடிய ஃபெராரிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டறையில் வரைந்தவைதான்.

வீட்டில் கூப்பிட்ட செல்லப் பேர், 1961-ல் இத்தாலி ஜனாதிபதியின் ஆணைப்படி குடும்பப் பேராகவே மாறியது: பினின்ஃபரினா. (2015-ல் இந்த நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் போட்டது நம்ம மஹிந்திரா!)

1966 மார்ச்சில் ஜெனீவா ஷோவில் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் அறிமுகமானது. பினின் நேரடியாகக் கைவைத்த கடைசி கார் அது. மறு மாதம் 3-ம் தேதி, 72 வயதில் காலமானார். ‘தி கிராஜுவேட்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஓட்டுற சிவப்புக் கார் ஞாபகம் இருக்கா? அது இந்த ஸ்பைடர்தான். சின்னச் சின்ன மாற்றங்களோடு 1990-கள் வரைக்கும் விற்பனையில் இருந்தது.