வாரிசு இல்லாத நவாப்

உலக்கைக்குப் பூண் போல, ஜப்பான் வாளின் பிடியருகே கையைக் காக்கும் தகடு ஒன்று உண்டு. அதில் பூவும் பறவையும் செதுக்குவார்கள். 1876-ல் ஜப்பான் அரசு, வாள் தரித்து நடமாடத் தடை போட்டது. வீரர்களின் இடுப்பை விட்டு இறங்கிய வாள்களும் தகடுகளும் விலைக்கு வந்தன.

ஜப்பான் வாள்களையும் தேடிச் சேர்த்தவர் ஐதராபாத் நவாப், மூன்றாம் சாலார் ஜங். 1889-ல் பிறந்தவர். 23 வயதில் திவான் ஆனார். 1914-ல் பதவியை விட்டார். பிறகு, கலைப்பொருள் சேர்ப்பதே அவர் வாழ்க்கை. கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1949-ல் காலமானார். பிள்ளை இல்லாத சொத்து. பங்கு பிரிந்திருந்தால் சிதறியிருக்கும். சிதறவில்லை. 1951-ல் அவர் மாளிகையிலேயே மியூசியத்தை நேரு திறந்துவைத்தார். 1961-ல் பாராளுமன்றச் சட்டம் அதைத் தேசிய நிறுவனமாக்கியது.

புதுச்சத்திரத்து உழவரும் சீட்டு வாங்கி அந்த வாள்களைப் பார்க்கலாம். நவாபுக்கு இப்போது நாடே வாரிசு!