ஆழ்வான் திருமாளிகையில் வளர்ந்த பட்டர்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் எம்பெருமானாருக்குப் பின், எம்பாரை அடுத்து ஆசார்ய பீடத்தை அலங்கரித்தவர் ஸ்ரீபராசர பட்டர். ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்திற்கு பகவத்குணதர்ப்பணம் என்னும் பாஷ்யத்தை அருளியவர் இவரே. 61 சுலோகங்கள் கொண்ட ஸ்ரீகுணரத்நகோசமும், பூர்வ சதகத்தில் 127, உத்தர சதகத்தில் 105 என்று சுலோகங்கள் அமைந்த ஸ்ரீரங்கராஜஸ்தவமும், எட்டே சுலோகங்களில் ரஹஸ்யத்ரயத்தின் பொருளை அடக்கிய அஷ்டச்லோகியும் இம்மஹானின் திருவாக்கிலிருந்து தோன்றியவை. இத்தகைய பேரறிவாளர் எந்த வித்யாசாலையில் பயின்றார் என்று ஆராய்ந்தால், அது திருவரங்கத்தில் அவருடைய தந்தையாரான கூரத்தாழ்வானின் திருமாளிகையே என்பது புலப்படும். அந்தத் திருமாளிகை எப்படிப்பட்டது, அதில் ஒரு குழந்தை எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதை அறிவது, மக்களைப் பெற்ற ஆஸ்திகர் அனைவருக்கும் நன்மை பயக்கும்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் கிராமத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் ஆழ்வான். அன்னதானம் ஒழியாத அந்தப் பெருமனையைத் துறந்து, தம் தேவியார் ஆண்டாளுடன் கால்நடையாகத் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கும்போது ஆண்டாள் அஞ்சினார். கையில் பொருள் இல்லாதவர்க்கு அச்சம் ஏது என்று ஆழ்வான் வினவ, தேவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் கொணர்ந்ததாக அவர் விண்ணப்பித்தார். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு, இனி அஞ்ச வேண்டுவதில்லை என்று அருளி நடந்தார். பொன்வட்டிலும் இல்லாமல் திருவரங்கம் வந்த அந்தத் தம்பதிகள் உஞ்சவிருத்தியால் ஜீவனம் செய்துகொண்டு, எம்பெருமானார் திருவடிகளில் கைங்கர்யம் செய்து வாழ்ந்தனர்.

ஒருநாள் பெருமழையால் பிக்ஷை கிடைக்கவில்லை. ஆழ்வான் எப்போதும்போல் அருளிச்செயலில் ஆழ்ந்திருந்தார். இரவில் பெரிய கோயிலில் அரவணை அமுது செய்யும் ஓசை கேட்டது. தம் கணவர் பட்டினியாயிருக்கப் பெருமாள் மட்டும் அமுது செய்வது தகுமோ என்று ஆண்டாள் திருவுள்ளத்தில் எண்ணினார். சிறிது பொழுதில் உத்தம நம்பி மூலமாகப் பெருமாளின் அரவணைப் பிரசாதம் வாசலுக்கு வந்தது. அதனை எண்ணிய ஆண்டாளின் செயலை ஆழ்வான் மெச்சவில்லை. பிரசாதத்தை மறுக்கலாகாது என்பதால் இரண்டு பிடி மட்டும் ஏற்றுத் தாமும் ஸ்வீகரித்து, தேவியாருக்கும் அளித்தார். அந்தப் பிரசாதத்தின் பயனாகவே இரண்டு குமாரர்கள் அவதரித்தனர் என்று குருபரம்பரை கூறும். வைகாசி மாதத்து அனுஷ நக்ஷத்திரமே பட்டரின் திருநக்ஷத்திரம்.

பன்னிரண்டாம் நாள் எம்பெருமானார் குழந்தைகளைக் காண எழுந்தருளினார். எம்பார் உள்ளே சென்று குழந்தையை எடுத்து வந்தபோது, அதனிடம் த்வய மந்த்ரத்தின் மணம் வீசுவதாக எம்பெருமானார் கண்டுகொண்டார். குழந்தைக்குத் தீங்கு நேராதபடி ரக்ஷையாக த்வயத்தை அநுஸந்தித்ததாக எம்பார் விண்ணப்பித்தார். அங்ஙனமாயின் இவர்களுக்கு ஆசார்யரும் நீரே என்று எம்பெருமானார் நியமித்தருளினார். ஆளவந்தாரின் நிறைவேறாத மூன்று மனோரதங்களில் ஒன்று, பராசரர், வியாசர் என்னும் மஹர்ஷிகளிடம் நன்றி காட்டுவது. அதனை நிறைவேற்றும் பொருட்டு மூத்த குழந்தைக்குப் பராசரர் என்றும், இளைய குழந்தைக்கு வேதவியாசர் என்றும் திருநாமம் சாத்தப்பட்டது. தொட்டிலிலிருந்தபோதே இக்குழந்தைகளுக்கு ஒரு கடமை வகுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கடமை அவர்களின் தோளில் சுமையாக ஏற்றப்படவில்லை, திருநாமமாகச் சூட்டப்பட்டது.

மூத்த குமாரரைத் திருவரங்கநாதனும் ஸ்ரீரங்கநாச்சியாரும் தம் பிள்ளையாகவே அபிமானித்தனர் என்பது பெரியோர் துணிபு. பெற்ற தாய் தன் குழந்தையை மற்றொரு தாயின் மடியில் விடுவது எளிதன்று. ஆண்டாளோ பட்டரைத் தமக்குரிய உடைமையாகக் கருதவே இல்லை. பிராட்டியின் பிள்ளையைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணுவதாகவே கருதினார். பிற்காலத்தில் பட்டர் பிராட்டியின் வைபவத்தைக் குணரத்நகோசத்தில் போற்றியபோது அதில் ஒரு பிள்ளையின் உரிமை தொனிப்பதற்கு இந்த வளர்ப்பே காரணம்.

குழந்தைக்குக் கல்வி கற்பிக்கும் பருவம் வந்தது. ஊரார் பிள்ளைகளைப் போலவே பட்டரும் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த நாள் பாட நேரத்தில் அவர் வீதியில் விளையாடிக்கொண்டிருந்தார். ஆழ்வான் காரணம் வினவியபோது, நேற்றுச் சொன்ன பாடத்தையே இன்றும் சொல்கிறார்கள், அது தமக்கு நேற்றே வந்துவிட்டது என்று குழந்தை விடை பகர்ந்தது. ஆழ்வான் சோதித்துப் பார்த்தார். குழந்தை பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தது. காச்மீரத்தில் போதாயன விருத்தி என்னும் அரிய நூலைக் காணக் கிடைத்த சிறிது காலத்திலேயே நெஞ்சில் பதித்துக்கொண்டு, ஸ்ரீபாஷ்யம் எழுதும்போது எம்பெருமானாருக்குத் துணைநின்றவர் ஆழ்வான். அத்தகைய தந்தைக்கு இக்குழந்தையின் மேதை எத்தன்மையது என்று விளங்காமற் போகுமா? பட்டரின் பயிற்சி தந்தையாரிடமும் எம்பாரிடமுமாக நடந்தது.

அந்தப் பயிற்சி நடந்த முறைக்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். திருவாய்மொழியில் ஓரிடத்தில் ஆழ்வார், அடியார்களைச் சிறியவர் என்றும் பெரியவர் என்றும் ஒருங்கே சேர்த்துப் பேசுகிறார். அதனைக் கேட்ட பட்டர், ஒரே பொருளில் சிறுமையும் பெருமையும் எவ்வாறு பொருந்தும் என்று தந்தையாரை வினவினார். வேதவாக்கியத்தைக் காட்டி விளக்கலாம். ஆனால் குழந்தைக்கு உபநயனம் ஆகவில்லை. குழந்தைக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று ஆழ்வான் அதட்டவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடவும் இல்லை. சாஸ்த்ரம் சொல்ல இப்போது அதிகாரம் இல்லையாதலால் கண்ணெதிரே காட்டுகிறேன் என்று கூறி, முதலியாண்டான், எம்பார், அருளாளப் பெருமாள் எம்பெருமானார் போன்றோரைச் சுட்டிக்காட்டினார். உருவத்தில் நம்போன்றவர்களாகி, உண்டு உறங்கி வாழ்பவர்களாயிருந்தும், ஞானத்தாலும் பகவத் பக்தியாலும் நித்யஸூரிகளுக்கு ஒப்பானவர்கள் இவர்கள் என்று விளக்கினார். அத்தகைய பெரியோர் நாள்தோறும் வந்து போகும் இல்லமாக ஆழ்வானின் இல்லம் இருந்தது. ஆகையினாலேயே அவர் அவ்வாறு சுட்டிக்காட்ட முடிந்தது.

குழந்தையின் புத்தி தீட்சண்யத்துக்கு மற்றொரு சான்றும் உண்டு. ஸர்வஜ்ஞ பட்டன் என்னும் விருதைத் தாங்கிய ஒரு பண்டிதர் ஆரவாரத்துடன் வீதியில் வந்தார். புழுதியில் விளையாடிக்கொண்டிருந்த பட்டர் ஒரு பிடி மணலை அள்ளி, இது எவ்வளவு என்று கேட்டார். பண்டிதர் திகைத்து நின்றார். ஒரு பிடி மணல் என்று சொல்லலாகாதோ என்று குழந்தை கூறிற்று. பண்டிதர் நாணமடைந்தும், இன்னார் பிள்ளை என்று அறிந்தபின் வியப்பு நீங்கி, குழந்தையைக் கொண்டாடினார்.

இத்தகைய மேதை வாய்த்த பிள்ளையிடம் கர்வம் குடிபுகுவது எளிது. அதற்கு அந்த இல்லத்தில் இடமில்லாமற் போனது எதனால்? சோழ மன்னன் ஒருவனது கொடுமையால் ஆழ்வான் தம் திருக்கண்களை இழந்தார். அந்த ஆபத்துக்குத் தூண்டுகோலாயிருந்தவன் நாலூரான் என்பவன். பின்னர் எம்பெருமானாரின் நியமனப்படி காஞ்சி வரதனிடம் விண்ணப்பம் செய்ய நேர்ந்தபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் வேண்டிக்கொண்டார். தம் கண்ணைப் போக்கியவனுக்கு நற்கதி வேண்டிய தந்தையின் வழியில் வந்தவர் பட்டர்.

அந்தப் பாடம் பிள்ளையிடம் பலித்தது. பட்டரின் பெருமையைப் பொறாத ஒருவர், பெருமாள் ஸந்நிதியிலேயே அவரைக் கடுஞ்சொற்களால் நிந்தித்தார். பட்டர் சினம் கொள்ளவில்லை. தாம் அணிந்திருந்த ஆபரணத்தையும் சால்வையையும் அவருக்கே பரிசாக அளித்தார். எம்பெருமானின் குணங்களைப் பேசுவதும், தன் குற்றங்களை நினைப்பதும் ஸ்ரீவைஷ்ணவனுக்கு இரண்டு கடமைகள்; முதலாவதில் ஈடுபட்டு இரண்டாவதை மறந்திருந்த தமக்கு, அதனை நினைவூட்டியவர் உபகாரகர் என்று காரணமும் கூறினார்.

பட்டருக்கு விவாஹப் பருவம் வந்தபோது, பெண் தேடவில்லையே என்று ஆண்டாள் கவலை கொண்டார். ஈச்வரனுடைய குடும்பத்துக்கு நாம் கவலைப்பட வேண்டுமோ என்பது ஆழ்வானின் எண்ணம். தேவியார் வற்புறுத்தியதன்பேரில் பெருமாளைச் சேவிக்கச் சென்றார். பெருமாள் திருவுள்ளம் வினவ, பிள்ளைக்கு விவாஹம் செய்யவேண்டும் என்று பிறர் சொல்வதாக மட்டும் விண்ணப்பித்தார். பெருமாளின் கடாக்ஷத்தால் ஸம்பந்தம் தானே கூடிவந்தது. பிள்ளைகளின் பொருட்டு ஆழ்வான் அறியாத சிந்தை இல்லை. ஆனால் அச்சிந்தையைத் தம் கையில் வைத்துக்கொண்டு வாடாமல், உரியவனிடம் ஒப்படைக்கத் தெரிந்திருந்தார்.

ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது பட்டர் பெருந்துயருற்றார். எம்பெருமானார் அவரைத் தேற்றிப் பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். தானே தந்தையாக இருக்கையில் வருந்த வேண்டா என்று பெருமாள் அருளியதாகப் பெரியோர் பணிப்பர். பின்னாளில் மேல்நாட்டில் பெரும் பண்டிதராய் விளங்கிய மாதவாசார்யர் என்னும் வேதாந்தியைப் பட்டர் நாடிச் சென்று, உணவுப் பிக்ஷை வேண்டாமல் தர்க்கப் பிக்ஷை வேண்டி, பல நாள் வாதம் செய்து வென்றார். அந்த வேதாந்தியே பின்பு எல்லாவற்றையும் துறந்து திருவரங்கம் வந்து பட்டரின் திருவடிகளை அடைந்து, நஞ்சீயர் என்று புகழ்பெற்றார். பட்டரின் நியமனத்தால் நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி வியாக்கியானம் அருளினார். அவருடைய சிஷ்யர் நம்பிள்ளை. இவ்வாறு ஒரு வீட்டுத் திண்ணையில் ஊன்றிய வித்து, ஸம்ப்ரதாயம் முழுமைக்கும் நிழல் தரும் விருக்ஷமாயிற்று.

பட்டர் ஆசார்யராக விளங்கிய காலத்தில், ஆண்டாள் தம் குமாரரின் ஸ்ரீபாததீர்த்தத்தை ஸ்வீகரிப்பது வழக்கம். பெற்ற தாய் இவ்வாறு செய்யலாமோ என்று சிலர் வினவினர். சிற்பி தன் கையாலேயே விக்ரஹத்தை வடித்தாலும், பிரதிஷ்டை ஆனபின் அதனை வணங்காமலிருப்பானோ என்பது அவர் அளித்த விடையின் கருத்து. பிள்ளையை வளர்ப்பதில் உள்ள கடினமும், வளர்ந்தபின் உரிமை கொண்டாடாத பெருந்தன்மையும் அந்த ஒரு விடையில் அடங்கியுள்ளன.

அந்தத் தாய்க்கு இறுதியாக ஒரு சோதனையும் வந்தது. கைசிக ஏகாதசியன்று பெருமாள் திருமுன்பே பட்டர் கைசிக புராணத்தை வாசித்தருளினார். உகந்த பெருமாள் அவருக்கு மோக்ஷத்தையே பரிசாக அளித்தார். பட்டர் இல்லம் வந்து, தாயின் திருவடிகளில் வணங்கி விடை வேண்டினார். தடுத்து நிறுத்தும் சொல் ஆண்டாளின் வாயிலிருந்து வரவில்லை. உரியவன் தன் பொருளைக் கேட்கும்போது மறுக்கலாகாது என்னும் உறுதியுடன் ஆசி கூறி அனுப்பினார். பட்டர் தாய்க்கு முன்பே, இளம்பருவத்திலேயே திருநாட்டை அலங்கரித்தார். பெற்ற வயிறு துடிக்காமல் இராது; எனினும் தொட்டில் நாளில் ஒப்புக்கொண்டதை இறுதி நாளிலும் அவர் மறுக்கவில்லை. இன்றளவும் திருவரங்கத்தில் கைசிக ஏகாதசியன்று பட்டரின் திருவம்சத்தார் கைசிக புராணம் வாசிப்பது அன்பர்கள் சேவிக்கும் வைபவம்; அவர்களுக்கு பிரஹ்மரத மரியாதையும் முன்பு நடைபெற்று வந்தது.

இக்காலத்தில் குழந்தைகள் பகற்பொழுதைப் பள்ளியில் கழிக்கின்றனர். அதில் குறையொன்றும் இல்லை. ஆழ்வானும் தம் குமாரரைப் பள்ளிக்கு அனுப்பியவரே. ஆனால் பள்ளி முடிந்து குழந்தை வீடு திரும்பும்போது அங்கே அதற்கு என்ன காட்சி காத்திருக்கிறது என்பதே கேள்வி. பெரியோர் வந்து போகும் வாசலா? குழந்தையின் வினாவுக்கு விடை சொல்லப் பொறுமை உள்ள தந்தையா? நிந்தித்தவரிடமும் நிதானம் இழக்காத நாவா? திருவிளக்கேற்றி நாலு பாசுரம் அநுஸந்திக்கும் தாயா? அடியார்களின் பெருமைக்கு ஆழ்வான் சுட்டிக்காட்டிய சான்றுகள் ஏட்டில் இல்லை, கண்ணெதிரே நடமாடின. நம் குழந்தைகள் கேட்கும்போது சுட்டிக்காட்டுவதற்கு நம் இல்லங்களிலும் யாரேனும் இருத்தல் வேண்டும்; அவர் முதலில் பெற்றோராகவே இருத்தல் வேண்டும்.

ஸ்ரீபராசர பட்டர் திருவடிகளே சரணம்.