ஆய்வக விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு: அடித்தளமிட்ட ருக்மிணி தேவி

புதுடெல்லி: எலி, முயல் உள்ளிட்ட விலங்குகள் மீது சோதனை நடத்தும் எந்த நிறுவனமும் மத்திய அரசு அமைத்துள்ள குழுவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்நடைமுறைக்கு அடிப்படையாக விளங்குவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம். அச்சட்டம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தவர், பரதநாட்டியக் கலைஞராகவே பெரிதும் அறியப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல்.

மதுரையில் 1904 பிப்ரவரி 29 அன்று பிறந்த அவர், 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவினார். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வாறு நியமிக்கப்பட்ட முதல் பெண் அவரே.

திரும்பப் பெற்ற மசோதா

அப்போது அமலில் இருந்த 1890-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட சில வகைக் கொடுமைகளை மட்டுமே குற்றமாகக் கருதியது. தண்டனைகளும் போதுமானவையாக இல்லை. அதற்கு மாற்றாக ருக்மிணி தேவி தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே இதுகுறித்து ஆராய்ந்து சட்டம் இயற்றும் எனப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு உறுதியளித்ததை ஏற்று, அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக அரசு கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1960 டிசம்பர் 26 அன்று சட்டமானது.

தடையல்ல, நிபந்தனை

புதிய சட்டம் விலங்குச் சோதனைகளைத் தடை செய்யவில்லை. உயிர் காக்கவும், நோய் தீர்க்கவும், அறிவை வளர்க்கவும் நடத்தப்படும் சோதனைகளை அனுமதித்தது. அதேவேளையில், அறுவைச் சோதனைகளுக்கு மயக்க மருந்து அளிக்க வேண்டும். சிறிய விலங்குகளே போதுமான இடத்தில் பெரியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனை நடத்தக் கூடாது என்ற நெறிகளை வகுத்தது. ஆனால், மேற்பார்வைக் குழுவை அமைப்பது அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விதிமீறலுக்கான அபராதமும் அதிகபட்சம் 200 ரூபாயாகவே நிர்ணயிக்கப்பட்டது.

இச்சட்டத்தின்கீழ் 1962-இல் தொடங்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்துக்கு ருக்மிணி தேவி தலைமை வகித்தார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் விடுத்த அழைப்பை அவர் ஏற்கவில்லை. 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார்.

அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகே, 1998-இல், விலங்குகளின் இனப்பெருக்கம் மற்றும் சோதனைகள் குறித்த விரிவான விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆய்வகங்களின் பதிவும், சோதனைத் திட்டங்களை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்களும் அதன் மூலமே கட்டாயமாயின.