அறமும் அதன் காவலும்

ஈகையைப் பற்றி வகுப்பிற் கற்பிக்கும்போது பாரி, குமணன் முதலிய வள்ளல்களோடு கீழக்கரைச் சீதக்காதியையும் எடுத்துக் கூறுவது என் வழக்கம். செத்தும் கொடுத்தவர் என்று தமிழுலகம் அவரைப் போற்றுகின்றது. கொடுத்தவர் மறைந்த பின் அக்கொடையைக் காப்பவர் யாவர் என்று ஒருநாள் மாணவர் ஒருவர் வினவினார். கோயில் நிலங்களும் தருமகர்த்தாக்களும் பருத்தித்துறையாராகிய எமக்குப் புதியன அல்ல. ஆயினும், அவ்வினாவுக்கு விடையாக என் நினைவில் எழுந்தது வங்கநாட்டு வள்ளல் ஹாஜி முகம்மது முஹ்ஸின் அவர்களின் வரலாறே.

முஹ்ஸின் 1732ஆம் ஆண்டில், கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள ஹூக்ளி நகரிற் பிறந்தார். கல்வியிற் சிறந்த அவர் பல்லாண்டுகள் அரேபியா, ஈரான் முதலிய நாடுகளிற் சஞ்சரித்து, மக்கா சென்று ஹஜ்ஜுக் கடமையையும் நிறைவேற்றினார். இல்லறம் பூண்டிலர். தாயின் முதன்மணத்திற் பிறந்த தமக்கை மன்னுஜான் பெருஞ்செல்வம் உடையவர், கணவரை இழந்தவர், மகப்பேறு இல்லாதவர். 1803இல் அவ்வம்மையார் மறைய, ஜெசூர்ப் பகுதியிலிருந்த சையிதுபூர் நிலம் உள்ளிட்ட சொத்தெல்லாம் தம்பியைச் சேர்ந்தது. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

வந்த செல்வத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1806இல் அதனை வக்பு ஆக்கினார். வக்பு என்பது உடைமையை இறைவன் பொருட்டு நிலையாக ஒதுக்கிவிடுதல். அதன்பின் அதனை விற்றலும் மரபுரிமையாகப் பங்கிடுதலும் ஆகா. வருவாய் மட்டுமே குறித்த அறத்துக்குச் செல்லும். முஹ்ஸின் வருவாயை 9 கூறாக்கி, மூன்றைச் சமயக் கடன்களுக்கும் இமாம்பாராவின் பராமரிப்புக்கும், நான்கை உதவிப்பணத்துக்கும் சம்பளத்துக்கும், இரண்டை நிருவகிக்கும் முத்தவல்லிகள் இருவருக்கும் வகுத்தார். காவலர்க்கும் கூலி வைத்த அவர் முன்னறிவு வியக்கத்தக்கது.

1812இல் அவர் காலமானார். காவலே பின்னர்க் களவாயிற்று. முத்தவல்லிகள் பொருளை முறைகேடாகக் கையாண்டனர் என்று அரசாங்கம் அவர்களை நீக்கி, நிருவாகத்தைத் தானே ஏற்றது. வழக்கு இங்கிலாந்தின் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அந்நெடுங்காலத்திற் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1836இல் ஹூக்ளிக் கல்லூரி எழுந்தது. கல்லூரி நன்றே, ஆனால் அங்கு பயின்ற முஸ்லிம் மாணவர் மிகச் சிலரே. களவு போன அறம் மீண்டும், கொடுத்தவர் கருதியோரை அடையவில்லை. 1871இல் ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் இதனைக் கண்டித்தார். 1873இல் அரசாங்கம் கல்லூரிச் செலவைத் தான் ஏற்று, முஹ்ஸின் நிதியை முஸ்லிம்களின் கல்விக்குத் திருப்பியது. டாக்கா முதலிய இடங்களில் மதுரசாக்கள் தோன்றின. வறிய மாணவர்க்கு உதவிப்பணமும் கிடைத்தது.

ஹூக்ளியிற் பயின்றவருள் ஒருவர் சையது அமீர் அலி. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1909இல் பிரிவிக் கவுன்சிலில் அமர்ந்த முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்ற அவர், 1876 முதல் 1904 வரை ஹூக்ளி இமாம்பாராவின் நிருவாகக் குழுத் தலைவராகவும் விளங்கினார். வள்ளல் நட்ட மரத்தின் நிழலில் வளர்ந்தவரே அம்மரத்துக்கு வேலியானார்.

இலங்கையிலும் வக்புகளைக் காக்க 1931இல் ஒரு கட்டளைச் சட்டமும், 1956இல் வக்பு சபையை நிறுவிய சட்டமும் பிறந்தன. எனினும், 1990இல் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்துப் பள்ளிவாசல்கள் தொழுவாரின்றிக் கிடந்தன. ஏட்டிலே சட்டம் இருந்தது. காக்கும் மக்களே இல்லை.

ஆகவே அம்மாணவருக்கு நான் கூறிய விடை இதுவே: கொடையைத் தொடங்குபவர் ஒருவர், அதனைக் காப்பவர், அதனாற் பயன் பெற்ற அனைவருமாவர். அவர் உறங்கினால், செத்தும் கொடுத்த வள்ளல் இரண்டாம் முறையும் சாவார்.