சம்பளத்தை விட்டார், ஸ்டுடியோவைப் பிடித்தார்!

‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்திருக்கீங்களா? 1966-ல் வந்த அந்த முதல் தொடரைத் தயாரிச்ச ஸ்டுடியோவுக்கு முதலாளி யார் தெரியுமா? ஒரு காமெடி நடிகை! பெயர் லூசில் பால்.

1911-ல் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். சின்ன வயசிலேயே டைஃபாய்டில் அப்பா இறந்துட்டார். நாடகப் பள்ளியில் சேர்ந்தால், இவருக்கு நடிப்பு வராதுன்னு கைவிட்டுட்டாங்க. மாடலாக வேலை பார்த்தார். 1933-ல் ஹாலிவுட் போனார். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் சம்பளத்துக்குச் சின்னச் சின்ன வேஷங்கள். பல வருஷம் நடிச்சும் சின்ன பட்ஜெட் படங்களின் ராணி என்ற பெயர்தான் மிச்சம்.

1948-ல் ஒரு ரேடியோ காமெடி ஹிட் ஆனதும் சி.பி.எஸ். நிறுவனம் டிவிக்குக் கூப்பிட்டது. லூசில் ஒரு கண்டிஷன் போட்டார்: கணவர் வேஷத்தில் தன் நிஜக் கணவர், கியூபாக்காரரான டெசி ஆர்னாஸ்தான் நடிக்கணும். நிறுவனம் தயங்கியது. ரெண்டு பேரும் ஊர் ஊரா மேடையில் நடிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கினாங்க.

இப்போ இன்ஜினியரிங் பக்கம் வாங்க. அன்றைக்குப் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து லைவ். மத்த ஊர்களுக்கு, டிவி திரையையே படம்பிடிச்ச மங்கலான பிரதிதான் போகும். இவங்களோ ஹாலிவுட்டை விட்டு வரமாட்டோம்னுட்டாங்க. அதனால் ரசிகர்களை எதிரே உட்காரவெச்சு, மூணு 35 மி.மீ. கேமராவில் ஒரே நேரத்தில் ஷூட்டிங். மூணு கோணத்துக்கும் ஒத்துவர்ற லைட்டிங்கை அமைச்சவர் ‘மெட்ரோபோலிஸ்’ ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட்.

ஃபிலிமுக்குச் செலவு ஜாஸ்தி. தம்பதி தங்கள் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. பதிலுக்கு, எடுத்த எபிசோடுகளின் உரிமையைத் தங்கள் ‘டெசிலு’ கம்பெனிக்கு வாங்கிக்கிட்டாங்க. 1951 அக்டோபர் 15-ல் ‘ஐ லவ் லூசி’ ஆரம்பிச்சது. லைவ் நிகழ்ச்சி காற்றோடு போயிடும். ஃபிலிமை எத்தனை தடவை வேணும்னாலும் போடலாமே!

1957-ல் டெசிலு ஒரு ஸ்டுடியோவை விலைக்கு வாங்கியது. எது? லூசில் துண்டு வேஷம் போட்ட அதே ஆர்.கே.ஓ.! 1960-ல் விவாகரத்து. 1962-ல் கணவரின் பங்கையும் வாங்கி, பெரிய டிவி ஸ்டுடியோவை நடத்திய முதல் பெண்மணி ஆனார். 1967-ல் அதை விற்றார். 1989-ல் காலமானார்.

பிளேஸ்மெண்ட் சீசனில் நாம எல்லாரும் முதல்ல பார்ப்பது சம்பள எண்ணைத்தான். செய்யப்போகும் வேலையில் நமக்குன்னு எது மிஞ்சும்? அந்த வரியையும் கொஞ்சம் தேடிப் பாருங்க, நண்பர்களே.