ஜர்னைல் சிங்

பஞ்சாபி மொழியில் ஜர்னைல் என்னும் சொல் படைத்தலைவனைக் குறிக்கும். அப்பெயர் பூண்ட ஒருவர், போர்க்களம் புகாது ஆடுகளம் புகுந்து, இந்தியக் கால்பந்து அணிக்கு ஓர் அரண்போல் விளங்கினார். அவர்தாம் ஜர்னைல் சிங்.

இவர் 1936ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், இந்நாளில் பாகிஸ்தானத்தைச் சார்ந்துள்ள லயால்பூர்ப் பகுதியிற் பிறந்தார். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது இவருக்கு அகவை பதினொன்று. பிறந்த மண்ணைத் துறந்து, கையிற் கிடைத்ததைக் கொண்டு எல்லை கடந்த எண்ணற்ற குடும்பங்களுள் இவர்தம் குடும்பமும் ஒன்று. ஹோஷியார்ப்பூர் மாவட்டத்துப் பனாம் என்னும் சிற்றூர் அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

அம்மாவட்டத்து மகில்பூரில் கால்சா கல்லூரி ஒன்று 1946இல் தோன்றியிருந்தது. நம் காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி கண்டதை எண்ணுவார்க்கு, சிற்றூர்ப் புறத்தே எழும் ஒரு கல்லூரி எத்தனை இளைஞரின் வாழ்வை மாற்றும் என்பது எளிதில் விளங்கும். மகில்பூர்க் கல்லூரியின் முதல்வர் ஹர்பஜன் சிங், கால்பந்தாட்டத்தைக் கல்விக்கு நிகராகப் பேணினார். அங்குப் பயின்ற நாளில் ஜர்னைல் முன்னணியில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரராகவும் விளங்கினார். இதனை மாணாக்கர் நினைவிற் கொள்க. பின்னர் இது பெரிதும் பயன்பட்டது.

கல்லூரியை விட்டபின் அவர் கல்கத்தா சென்று ராஜஸ்தான் கழகத்தில் ஆடினார். 1959 முதல் 1968 வரை மோகன் பகான் கழகத்தின் காவல் ஆட்டக்காரராக இருந்தார். நெடிய உடலும் அஞ்சாத நெஞ்சும் உடையவர். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்குங்கால் தம் உடலைப் பொருட்படுத்தார். முரட்டு ஆட்டம் என்று குறை கூறினாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் அவரைக் கடந்து கோலை அணுகுதல் எவர்க்கும் அரிதாயிற்று. 1960இல் ரோமாபுரியில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியிலும் அவர் இந்தியாவிற்காக ஆடினார்.

1962இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் நான்காம் ஆசிய விளையாட்டு நடைபெற்றது. பயிற்சியாளர் ரகீம் புற்றுநோயின் பிடியில் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா 2-0 என்று இந்தியாவை வென்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று இந்தியா வென்றதாயினும், அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. ஜர்னைலின் தலை பிளந்து குருதி பெருகியது. மருத்துவர் ஆறு தையல் இட்டனர். ஜப்பானோடு நிகழ்ந்த ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை. இந்தியா அதனை 2-0 என்று வென்று அரையிறுதிக்குச் சென்றது.

காவல் ஆட்டக்காரனுக்குத் தலையே ஒரு கருவி. உயர்ந்து வரும் பந்தைத் தலையால் மோதித் திருப்புவது அவன் கடமை. தையலிட்ட தலையோடு அக்கடமையை ஆற்றுதல் இயலாது. அவரை வெளியே இருத்துவதா, களத்தில் இறக்குவதா? ரகீம் மூன்றாம் வழி ஒன்று கண்டார். கல்லூரி நாளில் முன்னணியில் ஆடியவரை மீண்டும் அந்த இடத்திலேயே நிறுத்தினார். கட்டிட்ட தலையோடு களம் புகுந்த ஜர்னைல், தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரணி முன்னர் வென்ற அதே தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்பெறாமையை இந்தியரான சோந்தி கண்டித்திருந்தமையால், அந்நாட்டு மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் குழுமிய அரங்கு இந்தியரை இகழ்ந்து ஆரவாரித்தது. காய்ச்சலால் ஒதுங்கியிருந்த தங்கராஜ் திரும்பிவந்து கோல் காத்தார். பதினேழாம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல் அடித்தார். மூன்று நிமிடங்களிற் பின்னொன்று விழுந்தது. அடித்தவர் ஜர்னைல்! கொரியர் ஆட்டத்தின் இறுதியில் ஒரு கோல் திருப்பினர், அவ்வளவே. 1951க்குப் பின் இந்தியக் கால்பந்து பெற்ற இரண்டாம் ஆசியத் தங்கம் அது. மூன்றாவது இன்றளவும் கிட்டவில்லை. மறு ஆண்டு ஜூன் திங்களில் ரகீம் காலமானார்.

காயம் ஆறியபின் ஜர்னைல் தமக்குரிய காவல் இடத்திற்கே மீண்டார். 1964இல் அர்ஜுனா விருது அவரை அடைந்தது. 1963 முதல் 1965 வரை மூன்றாண்டும் மோகன் பகான் தொடர்ந்து டூராண்டு கோப்பை வென்றது. பின்னர் அவர் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆசிய நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர் கூடிய அணிக்கும் தலைவரானார்.

ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றபின் பஞ்சாபிற்குத் திரும்பி இளைஞரைப் பயிற்றினார். அம்மாநில விளையாட்டுத் துறையில் இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், கனடா நாட்டு வான்கூவர் நகரில், தம் அறுபத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார்.