நிக்கொலாய் கொரோட்கோவ்

நிக்கொலாய் செர்கேயெவிச் கொரோட்கோவ் (1874 - 1920) உருசியாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர். ஸ்டெதஸ்கோப் கொண்டு குருதி அழுத்தத்தை அளக்கும் முறையைக் கண்டறிந்தவர். அப்போது தமனியில் கேட்கும் ஒலிகள் இவர் பெயரால் கொரோட்கோவ் ஒலிகள் எனப்படுகின்றன.

வாழ்க்கை

கூர்சுக் நகரில் வணிகக் குடும்பமொன்றில் பிறந்த இவர், 1898 இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900 இல் பாக்சர் கிளர்ச்சியின்போது செஞ்சிலுவைச் சங்க மருத்துவராகத் தூரகிழக்குக்குச் சென்று, யப்பான், சிங்கப்பூர், இலங்கை, சுயெசு கால்வாய் வழியாக நாடு திரும்பினார். 1903 இல் சென் பீட்டர்ஸ்பேர்க் படைத்துறை மருத்துவக் கழகத்தில் சேர்ந்தார்.

உருசிய-யப்பானியப் போரின்போது கார்பின் நகரில் பணியாற்றினார். குண்டடிபட்டுத் தமனி வீங்கிய படைவீரர்கள் பலருக்கு அங்கு மருத்துவம் செய்ய வேண்டியிருந்தது. சேதமுற்ற தமனியைக் கட்டிவிட்டால் அந்தக் கையோ காலோ பிழைக்குமா, அழுகிவிடுமா என்பதை முன்கூட்டியே அறிவது கடினமாக இருந்தது. கிளைக் குழாய்கள் வழியே போதிய குருதி செல்கிறதா என்று அறியவே இவர் தமனிகள் மீது ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கலானார். குருதி அழுத்தம் இவர் தேடிப்போன பொருள் அன்று.

கண்டுபிடிப்பு

இத்தாலியரான ரிவா-ரொச்சி 1896 இல் அமைத்த காற்றுப்பட்டையைக் கையில் கட்டி, நாடியைத் தொட்டுப் பார்க்கும் முறையே அப்போது இருந்தது. அதில் மேல் அளவு மட்டுமே கிடைத்தது. பட்டையால் முற்றாக நெரிக்கப்பட்ட தமனியில் ஒலி ஏதும் இல்லை என்பதைக் கொரோட்கோவ் கவனித்தார். காற்றை மெல்ல வெளியேற்றும்போது முதல் ஒலி கேட்கும் அளவு சுருங்கழுத்தம். ஒலி மறையும் அளவு விரிவழுத்தம். இதனை 1905 நவம்பரில் கழகக் கூட்டமொன்றில் அறிவித்தார். அவ்வறிக்கை ஒரு பக்கத்துக்கும் குறைவானது! ஒலி இதயத்திலிருந்து வருவதாக ஐயுற்றவர்களுக்கு, அது தமனியிலேயே தோன்றுகிறது என விளக்கினார். பேராசிரியர் யனோவ்ஸ்கி இம்முறையை ஆதரித்துப் பரப்பினார்.

பிற்காலத்தில் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கப் பகுதியில் மருத்துவராக இருந்தார். தமனிகள் பற்றிய ஆய்வேட்டை 1910 இல் அளித்தார். புரட்சிக்குப் பின் பெத்ரோகிராதில் மருத்துவமனைப் பணியில் இருந்த இவர் 1920 இல் காலமானார்.

வீட்டில் அளத்தல்

வீடுகளில் பயன்படும் தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் இவ்வொலிகளைக் கேட்பதில்லை. பட்டையில் ஏற்படும் அழுத்த அதிர்வுகளிலிருந்து கணக்கிடுகின்றன. எனினும், அவற்றின் துல்லியம் பொதுவாகக் கொரோட்கோவ் முறையுடன் ஒப்பிட்டே சோதிக்கப்படுகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து ஓய்வெடுத்தபின், கையை இதய மட்டத்தில் தாங்கி, பேசாமல் அளக்க வேண்டும். கைக்குப் பொருந்தாத சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். ஒரேயொரு அளவைக் கண்டு மருந்தை மாற்றலாகாது. பல நாள் அளவுகளைக் குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.